இருபத்தாறு முறை இரவு 9:17

இரண்டு வாரம் ஆகிவிட்டது, இன்னும் என்னால் அதை விட முடியவில்லை. நடந்தது என்னவோ ஒன்றுமில்லாத விஷயம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்னக் கணினி, வீட்டு வைஃபையில் சேர மறுத்தது. மூன்று இரவுகள் அதோடு மல்லுக்கட்டினேன். பிறகு சேர்ந்துவிட்டது. இதை வாசிக்கும் பலருக்கும் இப்படி ஓர் இரவாவது வாய்த்திருக்கும். சேர்ந்த கையோடு மறந்திருப்பீர்கள். நானும் மறந்திருப்பேன், எல்லாம் முடிந்த பிறகு அதன் பதிவுக் கோப்பைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால். அந்தக் கோப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ராஸ்பெர்ரி பை ஸீரோ டபிள்யு. 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். 2017-இல் வந்த மாடல். பெயரின் வாலில் தொங்கும் டபிள்யு, வைஃபை உண்டு என்பதற்கான அடையாளம். அதற்கு முந்தைய ஸீரோவில் அது கிடையாது. 2012-இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையிலும் கிடையாது, யுஎஸ்பி துளையில் தனியாக ஒன்றைச் செருகித்தான் அதைக் காற்றில் பேசவைக்க வேண்டும். கணினி என்றாலும் வெறும் மின்சுற்றுப் பலகைதான். பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் செம்பு பூசாத சிறு முக்கோணம் ஒன்று தெரியும். அந்த வெற்றிடம்தான் ஆன்டெனா. ஸ்வீடனின் புரோஅன்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற வடிவமைப்பு. கம்பியும் இல்லை, கொம்பும் இல்லை. ஒரு சிறு பள்ளம், அதுவே காது, அதுவே வாய். வாங்கிய நாளில் இதை வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. தவிர, தமிழ் பேசும் வீட்டில் இதைப் ‘பை’ என்று அழைப்பதில் வரும் குழப்பம் தனி. “பை இணையவே மாட்டேன் என்கிறது” என்று நான் புலம்பியபோது, “ஏன், ஜிப் போய்விட்டதா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாடி அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைப்பதுதான் அதன் வேலை. மூன்று கம்பிகளில் ஓர் உணரி, ஒரு மெமரி கார்டு, ஒரு சார்ஜர், அவ்வளவுதான். திரை இல்லை, கீபோர்டு இல்லை. கீழே என் மடிக்கணினியிலிருந்து வைஃபை வழியாக அதனுள் நுழைந்து வரைபடத்தைப் பார்த்துக்கொள்வேன். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு மின்சாரம் போனது, பதினொன்றுக்கு வந்தது. தூங்கப்போகுமுன் வழக்கம்போல் வரைபடத்தைத் திறந்தேன். கோடு மின்தடையோடு நின்றிருந்தது. மின்சாரம் வந்த பிறகும் அது தொடரவில்லை.

மாடிக்குப் போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மாடலுக்கு இருப்பதே அந்த ஒரு விளக்குதான். கார்டைப் படிக்கிறேன், எழுதுகிறேன் என்பதைத் தவிர வேறெதையும் அந்த விளக்கு சொல்லாது. ஆக உயிர் இருக்கிறது, பேச்சுதான் இல்லை. சார்ஜரைப் பிடுங்கி, உணரியும் கம்பியுமாக அப்படியே கீழே தூக்கிவந்து என் மேசைமேல் வைத்தேன்.

கடவுச்சொல்லைப் பார்த்தாயா?

வைஃபை சேரவில்லை என்று யாரிடம் சொன்னாலும் வரும் முதல் கேள்வி இது. கணினித் துறையில் இருபது வருடம் இருப்பவரும் இதைத்தான் கேட்கிறார், வாட்ஸ்அப்பைத் தவிர வேறெதையும் திறக்காதவரும் இதைத்தான் கேட்கிறார். கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். ஆனால் நான்கு மாதம் வேலை செய்த கடவுச்சொல் ஒரு மின்தடையில் எப்படி மாறும்? மாறாது என்று தெரிந்தும் முதல் இரவு முழுக்க அதையே பார்த்தேன். கையில் சுத்தியல் மட்டும் இருந்தவன் கதையாக, எனக்குப் பெயர் தெரிந்த ஒரே நோய் அதுதான்.

இந்தப் பலகையின் பழைய இயங்குதளத்தில் ஒரு வசதி உண்டு. கார்டைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் ‘பூட்’ என்ற சின்னப் பகுதி திறக்கும். அதில் நெட்வொர்க்கின் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய ஐந்தாறு வரிக் கோப்பு ஒன்றை வைத்துவிட்டால், அடுத்த முறை எழும்போது பலகை அதை எடுத்துத் தன் உள்ளறையில் வைத்துக்கொள்ளும். முதன்முதலில் நான் இணைத்ததும் அப்படித்தான். இணையத்தில் கிடைத்த ஒரு வழிகாட்டியிலிருந்து அந்த ஐந்தாறு வரிகளையும் அப்படியே எடுத்து, பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் மாற்றி எழுதினேன். அந்தக் கோப்பு மடிக்கணினியில் பத்திரமாக இருந்தது. அதையே மறுபடி வைத்தேன்.

இப்படிப்பட்ட கோப்புகளில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் ஏராளம். மேற்கோள்குறி நேராக இருக்க வேண்டும். கடிதம் எழுதும் மென்பொருளில் திறந்தால் அது அழகுக்காக வளைத்துவிடும், வளைந்த குறி பலகைக்குப் புரியாது. நெட்வொர்க் பெயரின் வாலில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்தால் கண் அதைப் பார்க்காது, இயந்திரம் பார்க்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் உண்டு. அந்தத் தொல்லை தமிழில் பெயர் வைத்தால் இருக்காதே என்று ஒருமுறை என் நெட்வொர்க்குக்குத் தமிழில் பெயர் வைக்கப் பார்த்தேன். பெயருக்கு மொத்தம் 32 பைட்டுகள்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டைத் தின்றுவிடும். ‘வீடு’ என்று எழுதினாலே பன்னிரண்டு போயிற்று, மேல் சுழிக்கும் கீழ்ச் சுழிக்கும் தனித்தனியாக அல்லவா கணக்கு. அந்த முயற்சியை அப்போதே கைவிட்டேன்.

கடவுச்சொல்லிலும் ஒரு சங்கதி உண்டு. எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது, 63-ஐத் தாண்டக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நாம் தட்டும் சொல் அப்படியே சாவியாகிவிடுவதில்லை. நெட்வொர்க்கின் பெயரையும் அதோடு சேர்த்து 4096 முறை அரைத்துப் பிழிந்து வருவதுதான் நிஜச் சாவி. அதனால் கடவுச்சொல்லை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றினாலும் சாவி வேறாகிவிடும். இதைப் படித்ததும், மின்தடையில் ரௌட்டர் தன் பெயரை மறந்துவிட்டதோ என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். மறக்கவில்லை. போன் சேர்ந்திருக்கிறது, மடிக்கணினி சேர்ந்திருக்கிறது, தொலைக்காட்சிகூடச் சேர்ந்திருக்கிறது.

ஊமையோடு வழக்கு

திரையில்லாத ஒரு கணினியோடு மல்லுக்கு நிற்பதில் ஒரு தனிக் கொடுமை இருக்கிறது. தோல்வி அதன் முகத்தில் தெரியாது. கார்டைச் செருகி, மின்சாரம் கொடுத்து, காத்திருப்பேன். விளக்கு சிமிட்டும், நிற்கும், மறுபடி சிமிட்டும். இரண்டு நிமிடம் கழித்து ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் பி8:27:இபி என்று தொடங்கும் முகவரி வந்திருக்கிறதா என்று தேடுவேன். இந்தக் குடும்பத்துப் பலகைகளில் பலவற்றுக்கு அதுதான் குலப்பெயர். வந்திருக்காது. இன்னும் இரண்டு நிமிடம் பொறுப்பேன். சார்ஜரைப் பிடுங்குவேன், கார்டைக் கழற்றுவேன், மடிக்கணினியில் செருகுவேன். ஒழுங்காக நிறுத்தாமல் மின்சாரத்தைப் பிடுங்கினால் கார்டு கெட்டுப்போகும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். ஆனால் உள்ளே நுழைய முடியாத வீட்டுக்கு எப்படி ஒழுங்காக விளக்கணைப்பது?

ஒவ்வொரு முறையும் நான் வைத்த கோப்பு அந்தப் பகுதியிலிருந்து மறைந்திருந்தது. அது நல்ல சகுனம். பலகை எழுந்திருக்கிறது, கோப்பைப் பார்த்திருக்கிறது, எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது. நான் கொடுத்த கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுப் பதிலே சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இதைவிட அது கடிதத்தைத் திருப்பி முகத்தில் எறிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாம் இரவு என் சந்தேகம் ரௌட்டர் பக்கம் திரும்பியது. பலகையை ரௌட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் வைத்தேன். வைஃபை அலைவரிசைகளில் இந்த மாடலுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 தெரியாது. என் ரௌட்டர் இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்புகிறது. ஒருவேளை அங்கே ஏதாவது குளறுபடியோ என்று பிரித்துப் பார்த்தேன். பாதுகாப்பு முறையை மாற்றிப் பார்த்தேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். வீட்டில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்த படம் இரண்டு முறை நின்றது. இரண்டாவது முறை நின்றபோது, “இரண்டு நாளாக ஒரு பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அது எரிகிறது, எங்களுக்கும் தெரிகிறது. போய்த் தூங்குங்கள்” என்றாள் மனைவி. தூங்கப் போகவில்லை.

இத்தனைக்கும் மேசை இழுப்பறையில் ஒரு மினி எச்டிஎம்ஐ மாற்றி, உறை பிரிக்காமல் கிடந்தது. அதைப் போட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து, ஒரு கீபோர்டையும் மாட்டியிருந்தால் பலகை என்ன நினைக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஏன் செய்யவில்லை என்றால், வெட்கமாக இருந்தது. திரையில்லாமலே இதை ஓட்டுகிறேன் என்று நான்கு மாதமாகப் பெருமை பேசியிருக்கிறேன். திரையை மாட்டுவது தோற்றதை ஒப்புக்கொள்வதுபோல. இதை எழுதும்போது அசட்டுத்தனமாகத்தான் தெரிகிறது. அந்த இரவில் அது கொள்கை.

பார்த்ததா, பார்க்கவே இல்லையா

மூன்றாம் இரவு கார்டை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக இயங்குதளத்தை எழுதிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். பெரும்பாலான பிரச்சினைகளைத் தீர்த்துவிடும், ஆனால் என்ன பிரச்சினை என்று ஒருபோதும் சொல்லாத வைத்தியம் அது. நான்கு மாதப் பதிவுகள் போய்விடுமே என்று ஒரு நெருடல் இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஊறிய நண்பன் ஒருவனுக்கு, கார்டிலிருந்து அந்தக் கோப்பை மட்டும் மீட்க வழி கேட்கத்தான் போன் செய்தேன். கதை முழுவதையும் கேட்டான். ஆச்சரியமாக, கடவுச்சொல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“சேரவில்லை, சேரவில்லை என்கிறாயே, கதவைத் தட்டி விரட்டப்பட்டதா, இல்லை கதவையே பார்க்கவில்லையா?” என்றான்.

“அதெப்படித் தெரியும், திரை இல்லையே.”

“அப்போது திரையை மாட்டு. அழிப்பதை அப்புறம் அழி.”

இழுப்பறையைத் திறந்தேன். மாற்றியின் உறையைப் பல்லால் கிழித்தேன்.

தொலைக்காட்சியில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துகளுமாக அது எழுந்து நின்றபோது முதலில் தோன்றியது கோபமில்லை, ஒருவகைச் சங்கடம். மூன்று நாளாக இவ்வளவும் அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான்தான் முகத்தை மூடி வைத்திருந்தேன். உள்ளே நுழைந்து, சுற்றிலும் என்னென்ன நெட்வொர்க்குகள் கேட்கின்றன என்று பட்டியலிடும் கட்டளையைத் தட்டினேன். மளமளவென்று ஓடியது. நிதானமாக மேலேயிருந்து வாசித்தேன். பக்கத்து வீட்டுப் பெயர். எதிர் வீட்டுப் பெயர். யாரோ தங்கள் நாயின் பெயரை வைத்திருக்கிறார்கள். யாரோ ரௌட்டர் பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணையே வைத்துவிட்டார்கள். மொத்தம் ஒன்பது. இரண்டு சுவர் தாண்டி, காற்றில் தேய்ந்து வரும் குரல்களெல்லாம் அதன் காதில் விழுகின்றன. ஒரு சாண் தூரத்தில் இருக்கும் என் வீட்டின் பெயர் மட்டும் இல்லை.

மறுபடி தட்டினேன். ஒன்பது. மறுபடி. எட்டு, பிறகு பத்து. எங்களுடையது இல்லை.

கடவுச்சொல் தவறு என்றால் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கும். இங்கே தட்டவே இல்லை. மூன்று இரவுகள் பூட்டையும் சாவியையும் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கு அந்த இடத்தில் வெறும் சுவர்தான் தெரிந்திருக்கிறது.

போனில் வைஃபை சேனல்களை, அதாவது ஓர் அலைவரிசைக்குள் ரௌட்டர்கள் தேர்ந்தெடுக்கும் எண்ணிட்ட தடங்களை, வரைந்து காட்டும் செயலி ஒன்று இருந்தது. திறந்தேன். 1-இல் ஒரு கும்பல், 6-இல் ஒரு கும்பல், 11-இல் ஒரு கும்பல், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் வளைவுகள். வலது கோடியில், எல்லோரையும் விட்டு ஒதுங்கி, உயரமாக ஒரே ஒரு வளைவு: எங்கள் வீடு. சேனல் 13.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நடப்பட்ட மைல்கற்கள். முதலாவது 2412-இல், பதின்மூன்றாவது 2472-இல். ஆனால் ஒவ்வொன்றும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் காலை நீட்டும். அதனால்தான் எல்லோரும் 1, 6, 11 என்று தள்ளித்தள்ளி உட்காருகிறார்கள். உலகின் பெரும்பாலான நாடுகளில் 13 வரை புழக்கத்தில் உண்டு. ஜப்பானில் மட்டும் பழைய முறைக்கென்று 14-உம் இருந்தது. அமெரிக்காவில் நடைமுறையில் 11-உடன் சரி, 2483.5-க்கு மேலே தொடங்கும் பகுதிக்குள் அலை கசியக்கூடாது என்பதில் அங்கே விதிகள் கடுமை. என் ரௌட்டரில் சேனலைத் ‘தானாகத் தேர்ந்தெடு’ என்று விட்டிருந்தேன். நான்கு மாதம் அது கும்பலில் ஒருவராக எங்கேயோ இருந்திருக்க வேண்டும். மின்சாரம் போய் வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, காலியாகக் கிடந்த கோடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. ரௌட்டரைக் குறை சொல்ல முடியாது, நான் அந்த இடத்தில் இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன். இரண்டாம் இரவு அணைத்துப் போட்டபோதும் அதே மூலைக்கே போயிருக்கிறது.

சரி, 13-ஐ போன் பார்க்கிறது, மடிக்கணினி பார்க்கிறது, இது ஏன் பார்க்கவில்லை? எந்த நாட்டு விதிப்படி நடக்கிறாய் என்று பலகையைக் கேட்கும் ஒரு கட்டளையும் உண்டு. தட்டினேன். ஒரு வரியில் பதில் வந்தது: நாடு, யு.எஸ். அதன் கீழே, 2402 முதல் 2472 வரை. 13-ஆம் சேனல் மையம் கொண்டிருப்பது 2472-இல். அதன் வலக்கால் 2482 வரை நீளும். வேலிக்கு வெளியே பத்து மெகாஹெர்ட்ஸ்.

மடிக்கணினியில் பத்திரமாக வைத்திருந்த அந்த ஐந்தாறு வரிக் கோப்பைத் திறந்தேன். மூன்று இரவுகளில் எத்தனை முறை திறந்திருப்பேன், கணக்கே இல்லை. முதல் வரி, நாடு. இரண்டே எழுத்து. ஒவ்வொரு முறையும் என் கண் அதைத் தாண்டி நேராகக் கடவுச்சொல்லுக்குத்தான் போயிருக்கிறது.

இரண்டு எழுத்துகளை மாற்றி, இந்த முறை ஒழுங்காக அணைத்து எழுப்பினேன். பட்டியலின் உச்சியில், மற்ற எல்லாவற்றையும்விடக் கனத்த குரலில், எங்கள் வீட்டுப் பெயர்.

போகாத நாட்டின் சட்டம்

பிடிவாதம், சண்டித்தனம், ஊமைத்தனம் என்று மூன்று நாளாக அந்தப் பலகைமேல் நான் சுமத்தாத குணம் இல்லை. அது செய்தது ஒன்றுதான். கால் வைக்காத ஒரு நாட்டின் சட்டத்தை, நான் கொடுத்த வாக்கை நம்பி, எழுத்துப் பிசகாமல் பின்பற்றியது. அந்தச் சட்டப்படி கேட்கக்கூடாத திசையில் காதையே திருப்பவில்லை. ஒரு சாண் தூரத்தில் ரௌட்டர் கத்திக்கொண்டிருந்தும் திருப்பவில்லை. இப்படி ஒரு குடிமகன் எந்த நாட்டுக்கும் கிடைக்கமாட்டான்.

நண்பன் போன் ஹாட்ஸ்பாட்டில் சோதித்தாயா என்று பிறகு கேட்டான். தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எனக்கு உதவியிருக்குமா என்று சந்தேகம். பெரும்பாலும் அதில் உடனே சேர்ந்திருக்கும், நானும் ‘பார், பலகை நன்றாக இருக்கிறது, ரௌட்டர்தான் குற்றவாளி’ என்று தீர்ப்பெழுதி ரௌட்டரைத் தூக்கி எறிந்திருப்பேன். சரியான சோதனையிலிருந்து தவறான முடிவுக்கு வருவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

வழிகாட்டியை எழுதியவர்மேல் ஒரு நாள் முழுக்க எரிச்சலாக இருந்தது. தன் வீட்டு மேசைக்கு எதிரே வாசகன் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அவர் இருக்கும் நாட்டில் அந்த இரண்டு எழுத்துகள் சரிதான், அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதத் தோன்றியிருக்காது. பிறகு நானே ஒரு காலத்தில் எழுதிய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். எரிச்சல் அடங்கிவிட்டது. தொலைவிலிருந்து நுழையும் வசதி தானாகவே திறந்திருக்கும் என்று எழுதியிருக்கிறேன். 2016-இன் இறுதியிலேயே அதை மூடிவிட்டார்கள், ‘எஸ்எஸ்எச்’ என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்தால்தான் திறக்கும். ‘பை’ என்ற பயனர், ‘ராஸ்பெர்ரி’ என்ற கடவுச்சொல் என்று எழுதியிருக்கிறேன். 2022-இல் அந்தப் பயனரையே எடுத்துவிட்டார்கள். 2023 அக்டோபரில் வந்த, இயங்குதளத்தின் புக்வொர்ம் பதிப்பிலிருந்து, நான் இவ்வளவு நேரம் பேசிய அந்த ஐந்தாறு வரிக் கோப்பும் செல்லாது. நெட்வொர்க் மேலாளர் என்று வேறொன்று பொறுப்பேற்றுவிட்டது, பழைய கோப்பை பூட் பகுதியில் வைத்தால் அது சீந்துவதில்லை. ஆனால் வழிகாட்டிகள் சாவதில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து ஒட்டி, அதை மூன்றாமவர் எடுத்து ஒட்டி, யாருக்காக எழுதப்பட்டது என்பது உதிர்ந்துபோய், வரிகள் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

பலகையை உருவாக்கியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பிந்தைய பலகைகளில், எந்த நாடு என்று சொல்லும்வரை வைஃபையைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். கார்டில் எழுதுவதற்கான அவர்களுடைய மென்பொருளும், கடவுச்சொல்லைக் கேட்கும் இடத்திலேயே நாட்டையும் கேட்கிறது. அந்தக் கேள்வியெல்லாம் எதற்கு, ஐந்தாறு வரியை ஒட்டினால் போதும் என்று குறுக்கு வழியில் போனவன் நான். கேள்விகேட்கும் வாசலைத் தவிர்த்துவிட்டுச் சுவரேறிக் குதித்தால், வாசலில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாதுதான்.

ரௌட்டரை 13-இலேயே விட்டுவிட்டேன். அங்கே கூட்டமில்லை, வேகமும் நன்றாக இருக்கிறது. வேறு நாட்டில் வாங்கிய மடிக்கணினியோடு யாராவது விருந்தாளி வந்து, உங்கள் வீட்டில் வைஃபையே தெரியவில்லையே என்றால் என்ன சொல்வது என்பதையும் யோசித்து வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லைப் பற்றி மட்டும் கேட்கமாட்டேன்.

கோப்பு

இனி அந்தக் கோப்பு. பலகை சேர்ந்த மறுநாள், மூன்று நாள் இடைவெளியை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே பதிவைத் திறந்தேன். இடைவெளி இல்லை. வைஃபை இல்லாத நேரத்திலும் அது தன் வேலையை நிறுத்தவில்லை. எழுந்த ஒவ்வொரு முறையும், என் மேசைமேல் இருந்தபடி, நிமிடத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கிறது. நான் எதிர்பார்க்காதது அந்த வரிகளின் நேரம்.

இந்த மாடலுக்குக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போனாலும் நேரத்தைப் பிடித்துவைத்திருக்கும் பொத்தான் பேட்டரியெல்லாம் அதில் இல்லை. நெட்வொர்க்கில் சேர்ந்ததும் முதல் வேலையாக வெளியே யாரிடமாவது மணி கேட்டுக்கொள்ளும். சேர முடியாவிட்டால், மணிக்கு ஒருமுறை தானே ஒரு கோப்பில் குறித்துவைக்கும் நேரத்தை எடுத்து, இப்போது அதுதான் மணி என்று வைத்துக்கொண்டு தொடங்கும். மின்தடைக்கு முன் அது கடைசியாகக் குறித்தது இரவு 9:17. நான் பெரும்பாலும் நான்கைந்து நிமிடத்தில் சார்ஜரைப் பிடுங்கியதால், அடுத்த முறை குறிக்கும் மணி அதற்கு வரவே இல்லை. அதனால் மூன்று இரவுகளிலும் எழுந்த ஒவ்வொரு முறையும் அதற்கு அதே இரவு, அதே 9:17.

எண்ணிப் பார்த்தேன். 9:17, 9:18, 9:19, நின்றுவிடும். மறுபடி 9:17. சில முறை 9:21 வரை போயிருக்கிறது, மாடியிலிருந்து இறக்கும் முன் ஒரே ஒரு முறை 9:37 வரை. மொத்தம் இருபத்தாறு 9:17-கள். என் மூன்று இரவுகளின் சரியான கணக்கு வேறெங்கும் இல்லை, இங்கேதான் இருக்கிறது. வெப்பம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஈரப்பதம்தான் அப்படியில்லை. 58 என்று தொடங்கி, 9:19 வாக்கில் சட்டென்று 66, 70 என்று ஏறுகிறது, பிறகு வரி நிற்கிறது. முதலில் உணரி கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. பச்சை விளக்கு என்ன சொல்கிறது என்று பார்க்க நான் குனிந்து முகத்தை அருகே கொண்டுபோன நிமிடங்கள் அவை. என் மூச்சைத்தான் அது குறித்துவைத்திருக்கிறது.

கடைசி 9:17-க்குப் பிறகு வரிகள் 9:44 வரை விடாமல் ஓடுகின்றன. அடுத்த வரியில் மூன்று நாள் கழித்து, இரவு 11:52.